நளன் பாடிய மாலைப் பாட்டு

தென்காசியில் அது சாரல் காலம். மேற்கு மலையின் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று விசுவநாதர் கோபுர வாயிலில் நிற்பவரின் மேலாடையைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கும் நாட்கள். அத்தகைய ஒரு மாலையில், குற்றாலச் சாலையில் உள்ள உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவ்வீட்டுப் பெண், தன் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டை ஒலிக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தளம் இல்லை; குழல் இல்லை; பல்லியத்தின் ஆரவாரம் எதுவும் இல்லை. ஒரு பெண்குரலும் ஒரு பியானோவுந்தான். தன்னை விட்டுப் பிரிந்த காதலன் வேறொரு வாழ்வு அமைத்துக்கொண்டான் என்பதைக் கேட்டு, போனதை எண்ணி ஒருத்தி வருந்தும் பாட்டு அது. 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாடகி அடேல் வெளியிட்ட இசைத்தட்டில் உள்ளது என்றும், உலகம் முழுவதும் இளைஞர்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள் என்றும் அப்பெண் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள்: “தாத்தா, இதுபோல ஒரு பாட்டு நம்முடைய பழைய தமிழில் உண்டா?”

“ஏன் இல்லை? நிறைய உண்டு” என்று உடனே விடை சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு விரைவாகச் சொல்லத்தக்க விடை அன்று அது. காதலைப் பற்றிய பாட்டு நம்மிடம் நிறைய உண்டு. பிரிவைப் பற்றிய பாட்டு அதனினும் நிறைய உண்டு. ஆனால் தன் பிழையால் காதலை இழந்தவர், அப்பிழையை நினைந்து நினைந்து பாடும் பாட்டு உண்டா? கேள்வி அதுவே. அதற்கு விடை தேடிப் புறப்பட்ட நான், நெடுந்தொலைவு சுற்றி, கடைசியில் நான் அமர்ந்திருந்த அந்தத் திண்ணையின் அருகிலேயே வந்து சேர்ந்தேன். அந்தப் பயணத்தையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் பியானோவைப் பற்றிச் சில சொற்கள். அது பிறந்தது இத்தாலி நாட்டின் பிளாரென்சு நகரில். மெடிச்சிப் பெருங்குடியினரிடம் இசைக்கருவிகளைப் பேணும் பணியில் இருந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் அதனை ஆக்கினார். 1700-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற அக்குடியினரின் கருவிப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முன் ஐரோப்பாவில் வழங்கிய கட்டைக் கருவிகள் பலவற்றில், விரலால் கட்டையை அழுத்தினால் உள்ளே ஓர் இறகுமுள் தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் ஓசை ஏறத்தாழ ஒன்றே. கிறிஸ்தோபோரி சுண்டும் முள்ளை நீக்கிவிட்டுச் சிறு சுத்தியலை வைத்தார். மெல்லத் தொட்டால் மெல்லோசை. ஓங்கித் தொட்டால் வல்லோசை. அக்கருவிக்குப் பெயர் வந்ததும் இந்த இரண்டு ஓசைகளாலேதான். கையின் தயக்கம் அப்படியே காதில் விழும் கட்டைக் கருவி ஒன்று அன்று தோன்றியது.

அதற்கு இன்னும் ஓர் இயல்பு உண்டு. வயலினிலும் நாகசுரத்திலும் ஒரு சுரத்தை வேண்டுமட்டும் நீட்டலாம், வளர்க்கலாம். பியானோவில் சுத்தியல் தந்தியைத் தொட்ட நொடியிலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். எவ்வளவு திறமை உடையவராலும் அதைத் திரும்ப வளர்க்க முடியாது. மறுமுறை தட்டத்தான் முடியும். போனது போனதுதான், நினைவில் மீண்டும் தட்டிப் பார்க்கலாம், அவ்வளவே! கழிந்த காதலை எண்ணி வருந்துவோருக்கு இதைவிடப் பொருத்தமான துணைக்கருவி வேறு யாது? 1827-ஆம் ஆண்டில், தம் இறுதிக்கு ஓராண்டுக்கு முன், ஆஸ்திரியநாட்டு இசைப்புலவர் பிரான்சு ஷூபர்ட், வில்லெம் முல்லர் என்னும் கவிஞரின் 24 பாடல்களுக்கு இசை அமைத்தார். காதலில் தோற்ற ஒருவன் பனிக்காலத்தில் ஊர் நீங்கித் தனியே நடப்பதே அதன் பொருள். அங்கும் ஒரு குரல், ஒரு பியானோ. அன்று தொடங்கி, அடேலின் பாட்டு வரையில், அந்த மரபு அறுந்துபோகவே இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சங்கத்து அகப்பாட்டுக்களில் பிரிவுக்கென்றே பாலை என்று ஒரு திணை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். பொருள் தேடித் தலைவன் பிரிவான். தலைவி இல்லிருந்து வருந்துவாள். போகலாமா வேண்டாமா என்று தலைவன் நெஞ்சோடு வழக்காடுவதும் உண்டு. பாதி வழியில் வீட்டை நினைத்து ஏங்குவதும் உண்டு. ஆனால் இவை ஏக்கம். இவற்றைக் கழிவிரக்கம் என்று சொல்ல இயலாது. மருதத் திணையில் தவறு செய்த தலைவன் வீடு திரும்புகிறான். அங்கேயும் தவறு செய்தவனின் உள்ளம் நமக்கு மிகுதியாகக் காட்டப்படுவதில்லை. வாயிலை அடைத்து நிற்கும் தோழியின் சொல்தான் நம் காதில் விழுகிறது. பெரும்பாலும் பாடுகிறவர் நோவு செய்யப்பட்டவரே. நோவு செய்தவர் பாடுவது அரிது.

சிலப்பதிகாரத்தில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. புகார்க் கடற்கரையில் மாதவி யாழைக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் விளையாட்டாகக் கானல்வரி பாடுகிறான். அவன் உள்ளம் வேறு எவளிடமோ சென்றுவிட்டது என்று அவள் ஐயுறுகிறாள். யாழைத் திரும்ப வாங்கி, தானும் வேறொருவன்மேல் மனம் வைத்தவள்போலப் பாடுகிறாள். பாட்டு முடிகிறது, காதலும் முடிகிறது. அவன் எழுந்து போய்விடுகிறான். உலக இலக்கியத்தில் பாட்டாலேயே காதல் இழந்த கதை இதுபோல் மிகுதியாக இராது. பின்னர் மதுரையில், தான் கொலையுண்ணப்போகும் நாளில், கண்ணகியின் முன் கோவலன் தன் பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணி வருந்துகிறான். அது உண்மையான கழிவிரக்கமே. ஆனால் அது பாட்டன்று, பேச்சு. யாழைக் கையில் வைத்திருந்தபோது அவனுக்கு வருத்தம் வரவில்லை, வருத்தம் வந்தபோது அவன் கையில் யாழ் இல்லை, சிலம்பு இருந்தது.

அப்படியானால் பிழை செய்தவன் தானே பாடிய பாட்டு எங்கே? இந்தக் கேள்வியோடு மறுநாள் காலையில் தென்காசிக் கோபுரத்தைப் பார்த்தபடி நடந்தபோதுதான் எனக்கு அதிவீரராம பாண்டியர் நினைவு வந்தது.

பாண்டியர் என்றதும் நமக்கு மதுரை நினைவு வருகிறது. ஆனால் 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பும், அதன்பின் அமைந்த மதுரைச் சுல்தான்களின் ஆட்சியும், பிறகு விசயநகரத்தின் ஆதிக்கமும் அப்பெருங்குடியைத் தெற்கே ஒதுக்கிவிட்டன. பிற்காலப் பாண்டியர் தென்காசியைத் தம் இருப்பிடமாகக் கொண்டனர். அவர்களுள் பராக்கிரம பாண்டியர் 1446-இல் விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். அக்கோயிலில் பொறிக்கப்பெற்ற அவருடைய பாடல்களை நீங்கள் அவசியம் சென்று காண வேண்டும். இக்கோயிலுக்கு ஒரு காலத்தில் குறை நேருமாயின், அதனைத் திருத்திக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் தாம் இப்போதே வணங்குவதாக அம்மன்னர் அதில் கூறுகிறார். முடியுடை வேந்தர் ஒருவர் முகம் அறியாத பிற்காலத்தார் முன் தலை தாழ்த்துகிறார்! கட்டியது நிலைக்கும் என்று நம்பாதவரின் சொல் இது. தம் குடியின் தலைநகர் கைவிட்டுப் போனதை அறிந்தவர் அன்றோ அவர்? அவர் அஞ்சியதும் வீண் போகவில்லை. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் நின்றது. 1990-இல்தான் அது புதிதாக எழுப்பப்பெற்று நிறைவெய்தியது.

அந்தக் குடியில் 1564-ஆம் ஆண்டளவில் முடிசூடியவர் அதிவீரராம பாண்டியர். பள்ளிப் பருவத்தில் நீங்கள் படித்த வெற்றிவேற்கையின் ஆசிரியர் அவரே. காசிக்கண்டம் முதலிய நூல்களையும் அவர் இயற்றினார். அவருடைய நூல்களுள் தலைசிறந்தது நைடதம். புலவர்க்கு அது மருந்து போன்றது என்ற பழமொழியே உண்டு. நிடத நாட்டு மன்னன் நளனுடைய கதை அது.

இங்கே மாணவர்கள் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் ஸ்ரீஹர்ஷர் என்னும் பெரும்புலவர் நளன் கதையை 22 சருக்கங்களில் பாடினார். அன்னத்தின் தூது, சுயம்வரம், திருமணம், மணமக்களின் இன்பம் என்று விரித்துக்கொண்டு போய், அந்த இன்பத்திலேயே அவர் நூல் நின்றுவிடுகிறது. சூதாட்டம் இல்லை; காடு இல்லை; பிரிவு இல்லை. அவரைப் பின்பற்றி எழுந்த நூல் என்றே நம் நைடதத்தைச் சொல்வது வழக்கம். ஆனால் தென்காசி மன்னர் அங்கே நிற்கவில்லை. சூதில் நாடு இழந்ததையும், காட்டில் மனைவியைப் பிரிந்ததையும், உருமாறி அலைந்ததையும், மீண்டதையும் பாடிய பிறகே எழுத்தாணியைக் கீழே வைத்தார். நூலின் பிற்பகுதி முற்பகுதியைப்போல் ஓடவில்லை என்று அக்காலத்திலேயே ஒரு குறை சொல்லப்பட்டதாகச் செவிவழிக் கதை உண்டு. அது எப்படியாயினும், இன்பத்தில் நிறுத்திக்கொள்ள ஒரு பெரிய முன்மாதிரி கையில் இருந்தும் அவர் நிறுத்தவில்லை என்பது மெய். புகழேந்திப் புலவரின் நளவெண்பாவும் அவருக்கு முன்னரே அவ்வழியில் சென்றிருந்தது. எனினும், புகழேந்தி புலவர். இவரோ நாடு குறுகிய ஒரு குடியின் அரசர். நாடிழந்த நளன் அவருக்கு வெறுங்கதையாக மட்டும் இருந்திருக்க மாட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதையின் அந்தப் பகுதியைச் சுருக்கிச் சொல்கிறேன். தம்பி புட்கரனிடம் சூதாடி நளன் நாட்டை இழந்தான். தமயந்தியோடு காடு புகுந்தான். உடுத்தியிருந்த ஆடையையும் பறவைகள் கவர்ந்து சென்றன. இருவரும் ஒரே ஆடையைச் சுற்றிக்கொண்டு ஒரு பாழ்மண்டபத்தில் உறங்கினர். தமயந்தி கண் அயர்ந்தாள், நளன் உறங்கவில்லை. தன்னைப் பிரிந்தாலாவது இவள் தந்தை வீடு சேர்வாள் என்று எண்ணினான். ஆடையை வாளால் இரண்டாக அரிந்தான். போனான், திரும்பி வந்து முகத்தைப் பார்த்தான், மறுபடி போனான், மறுபடி வந்தான். அவன் நெஞ்சம் ஊஞ்சல்போல் ஆடியது என்கிறார் வியாசர். இறுதியில் போயே போய்விட்டான். பின்னர்க் கார்க்கோடகன் என்னும் நாகம் தீண்டி அவன் உருவம் குறுகிக் கருத்தது. வாகுகன் என்ற பெயரோடு அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேர்ப்பாகனாக அமர்ந்தான்.

இனி வருவதே நாம் தேடிவந்த இடம். வியாச பாரதத்தின் வனபருவத்தில் அது இருக்கிறது. பகல் முழுவதும் குதிரைகளைப் பேணிய வாகுகன், நாள்தோறும் மாலையில் ஒரே ஒரு சுலோகத்தைப் பாடுவானாம். பசியிலும் தாகத்திலும் களைப்பிலும் அந்த ஏழைப்பெண் எங்கே கிடக்கிறாளோ, அந்த மூடனை இன்னும் நினைக்கிறாளோ, யாரை அண்டிப் பிழைக்கிறாளோ என்பது அதன் கருத்து. ஒவ்வொரு மாலையும் அதே பாட்டு! கொட்டிலில் உடனிருந்த சீவலன் ஒருநாள் கேட்டான்: எந்தப் பெண்ணைப் பற்றி இப்படி நாள்தோறும் வருந்துகிறாய்? வாகுகன் உண்மையைச் சொல்லவில்லை. அறிவில்லாத ஒருவன் இருந்தான், அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள், அவளைப் பிரிந்தான், இப்போது இரவுதோறும் அவளை நினைந்து ஒரு பாட்டுப் பாடுகிறான் என்று, தன் கதையை வேறொருவன் கதைபோலச் சொல்லி முடித்தான்.

என் பேத்தி முறையாகும் அப்பெண் கேட்ட பாட்டுக்கு நிகர் இதுவே. தனிக்குரல், மாலைப் பொழுது, திரும்பத் திரும்ப வரும் ஒரே அடி, தன் குற்றத்தைத் தானே சொல்லும் சொல், தன் கதையை அயலார் கதையாக்கும் உபாயம் ஆகிய எல்லாம் இங்கே இருக்கின்றன. இல்லாதது பியானோ ஒன்றுதான்! இந்தக் கதையைத்தான் தென்காசி அரசர் தமிழில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஆயினும் கதை இந்தப் பாட்டோடு முடிந்துவிடவில்லை. விதர்ப்ப நாட்டில் தந்தை வீடு சேர்ந்த தமயந்தி சும்மா இருக்கவில்லை. அவளும் ஒரு பாட்டை ஆயத்தம் செய்தாள். ஆடையில் பாதியை அரிந்துகொண்டு, காட்டில் உறங்கியவளை விட்டு எங்கே போனாய் சூதாடியே என்று கேட்கும் மொழிகள் அவை. அவற்றை நாடு நாடாக, அவை அவையாகச் சென்று சொல்லுமாறு அந்தணர்களை ஏவினாள். எவனாவது இதற்கு விடை சொன்னால் உடனே வந்து தெரிவியுங்கள் என்றாள். அயோத்தி அவையில் அது ஒலித்தபோது வேறு எவரும் வாய் திறக்கவில்லை. குறுகிய கைகளையுடைய தேர்ப்பாகன் ஒருவன் மட்டும் அந்தணனைத் தனியே அழைத்துப்போய்ப் பெருமூச்சு விட்டு விடை சொன்னான். அந்த விடையே அவனைக் காட்டிக்கொடுத்தது.

அவ்விடையில் அவன் என்ன சொன்னான் தெரியுமா? நற்குல மகளிர் துன்பத்திலும் தம்மைக் காத்துக்கொள்வர். நாடும் ஆடையும் இழந்து துயரால் அறிவு மயங்கிய ஒருவன் கைவிட்டான் என்றால் அவர்கள் சினம் கொள்ளலாகாது என்றான். கொட்டிலில் தனியே இருந்தபோது தன்னை மூடன் என்று பாடியவன், கேள்வி வந்ததும் சினம் கொள்ளாதே என்று வேண்டுகிறான். பின்னர் இருவரும் நேர் நின்றபோது, தமயந்தி அதே கேள்வியை வாயாலேயே கேட்டாள். காட்டில் உறங்கும் மனைவியை விட்டுச் சென்ற அறவோன் எவனையாவது நீ கண்டதுண்டா என்றாள். அப்போது நளன், நாட்டை இழந்ததும் உன்னைப் பிரிந்ததும் என் செயல் அல்ல; கலியின் செயல் என்றான்.

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில் ஒரு தேர்வில் நளனைப் பற்றிய வினா வந்தது. கலியின் வலியால் நேர்ந்தவை ஆதலின் நளன் குற்றமற்றவன் என்று நான்கு பக்கம் எழுதி, அதனை நூல்களின் துணைகொண்டு நிறுவியும் இருந்தேன். என் தமிழாசிரியர் நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார், ஆனால் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதியிருந்தார்: “குற்றமற்றவன் என்றால், மாலைதோறும் ஏன் அழுதான்?” அந்த வரிக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அது என்னோடு வந்துகொண்டிருக்கிறது.

இப்போது எனக்கு இவ்வாறு தோன்றுகிறது. நளன் இரண்டு குரலில் பேசுகிறான். தனிமையில் குற்றத்தை ஏற்கிறான். அவள் முன்னே கலியின் மேல் ஏற்றுகிறான். மனிதர் அனைவரும் அப்படித்தான். தனியே அழுவது எளிது. எதிரே நின்று ஒப்புவது அரிது. மாலைப் பாட்டு எத்தனை ஆண்டு பாடப்பட்டாலும் அது தமயந்தியின் காதில் விழவில்லை. கொட்டிலில் இருந்த குதிரைகளும் சீவலனுந்தான் கேட்டார்கள். அப்பாட்டால் அவளுடைய பசி தீரவில்லை. அவள் நடந்த வழியில் ஒரு முள்ளும் குறையவில்லை. நளனை மீட்டது அவன் வருத்தம் அன்று. அவள் அனுப்பிய கேள்வி. அந்தக் கேள்விக்கு, குறைபாடுடைய விடையாயினும், ஒரு விடையை அவன் சொன்ன நொடியில்தான் வருத்தத்துக்குக் கால் முளைத்தது. அது அவளை நோக்கி நடக்கத் தொடங்கியது.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள்தான். வழியிலேயே மேலகரம். அவ்வூரில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காகக் கவிராயருக்கு அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. அம்மன்னரின் ஆட்சி 1706 முதல் 1732 வரை. கிறிஸ்தோபோரி பிளாரென்சில் தம் புதுக்கருவியைச் செப்பம் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகள்! அங்கே ஒருவர் காதல் துயருக்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். இங்கே ஒருவர் அதே துயரைச் சிந்திலும் கண்ணியிலும் ஆடவிட்டார்.

குறவஞ்சியில் இரண்டு பிரிவுகள் உள்ளன. பந்தாடிய வசந்தவல்லி, உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மையல் கொண்டு நிலவைப் பழிப்பது ஒன்று. அது முன்னோர் பாடிய வழியே. மற்றொன்று சிங்கன் என்னும் குறவனுடையது. அவன் மனைவி சிங்கி குறி சொல்ல ஊருக்குள் வந்துவிட்டாள். பறவை பிடிக்க வந்த சிங்கன் அவளைக் காணாமல் தவிக்கிறான். கண்ணி வைத்தும் மனம் பறவையில் நில்லாமல் சிங்கியிடமே செல்கிறது. பறவைகள் தப்பிப் போகின்றன. தோழன் நூவன் நகைக்கிறான். அரசனாகிய நளன் பாடிய துயரை இங்கே ஒரு வேடன் பாடுகிறான். காதல் இழந்து வருந்தும் உரிமை முடியுடையவர்க்கு மட்டும் உரியதன்று என்பதைத் தெருவில் நின்று கேட்போர் அனைவரும் அறியுமாறு கவிராயர் சொல்லிவிட்டார்.

இறுதியில் சிங்கி அகப்படுகிறாள். அவள் மேனியில் புதிய நகைகள் மின்னுகின்றன. சிங்கனுக்கு ஐயம். காலில் கிடப்பது என்ன, இடையில் சுற்றியது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறாள். வினாவும் விடையுமாக ஓடும் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் சிரிப்பினூடே ஒன்றைக் காணுங்கள். கானல்வரியில் கோவலனும் மாதவியும் ஐயத்தை உள்ளே வைத்துக்கொண்டு பாடினார்கள், காதல் முறிந்தது. சிங்கனும் சிங்கியும் ஐயத்தை வெளியே எடுத்துவைத்துப் பாடினார்கள், காதல் பிழைத்தது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவிதையை வாய்விட்டுப் படித்துக் காதால் துய்க்க வேண்டும் என்று ஓயாது சொல்லிவந்தார். இந்த வினாவிடைப் பாட்டை அவ்வாறு படித்துப் பாருங்கள். நான் சொல்வது தெற்றென விளங்கும்.

பியானோ நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தது ஆங்கிலேயரோடு. அது நெடுங்காலம் மாதா கோயில் பள்ளிகளிலும் துரைமார் கூடங்களிலும் இருந்தது. தமிழ்ப் பொதுமக்கள் காதில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை திரைப்படமும் வானொலியுமே. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கின. தெருமுனைக் கடையிலும் பாட்டு ஒலித்தது. 1964-இல் வெளிவந்த ‘புதிய பறவை’ என்னும் படத்தைச் சான்றாகச் சொல்லலாம். விசுவநாதனும் இராமமூர்த்தியும் இசை, கண்ணதாசன் பாட்டு, சிவாஜி கணேசன் நடிப்பு. செல்வர் வீட்டுக் கூடமும் பியானோ ஒலியும் உடைய அப்படத்தின் நாயகன், முதல் மனைவியின் முடிவுக்குத் தானே காரணமானதை மறைத்துவைத்துக்கொண்டு அமைதி இன்றித் தவிக்கிறான். கொட்டிலில் வாகுகன் செய்ததைத்தான் அவனும் செய்கிறான். உருமாறி நிற்கிறான், உண்மையைச் சொல்லாமல் பாடுகிறான். கருவி மாறியது, உடை மாறியது, மனிதன் மாறவில்லை. அவனுடைய மறைவையும் கடைசியில் உடைத்தது அவன் பாடிய பாட்டு அன்று. எதிரில் நின்றவர்கள் விரித்த வினாவின் வலையே.

சில நாள் கழித்து அதே திண்ணையில் அப்பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். முடிவில், “அப்படியானால் இந்தப் பாட்டைக் கேட்டு அழுவது வீண் என்கிறீர்களா, தாத்தா?” என்றாள். வீண் என்று நான் சொல்லவில்லை. மாலைதோறும் பாடிய பழக்கம் இல்லாதிருந்தால், அவையில் அந்தக் கேள்வி ஒலித்தபோது நளன் நெஞ்சு திடுக்கிட்டிராது. கல்லாகிப்போன நெஞ்சுக்குக் கேள்வி கேட்பதில்லை. பாட்டு நெஞ்சை ஈரமாக வைத்திருக்கிறது. அதுவரையில் அது செய்யும் தொண்டு பெரிது. ஆனால் அது அதோடு நிற்கிறது. மிச்சத்தைப் பாடுகிறவனே எழுந்துபோய்ச் செய்ய வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வயதில் நட்பு முறிவதும் அன்பு முறிவதும் நேரக்கூடியவையே. தனிமையில் ஒரு பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவருக்கு நீங்கள் இழைத்த தீங்கை எண்ணி அது வருகிறதாயின், அவர் உங்களிடம் கேட்க நினைத்திருக்கும் கேள்வி எது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். விதியின் மேலும் கலியின் மேலும் அதை ஏற்றாமல் விடை சொல்ல முடியுமா என்றும் பாருங்கள். அந்த விடையைக் கேட்டவர் திரும்பி வருவார் என்பது உறுதியில்லை. தமயந்திகூட எளிதில் நம்பிவிடவில்லை. பிள்ளைகளை அனுப்பிப் பார்த்தாள். சமைத்த உணவை வாங்கிச் சுவைத்துப் பார்த்தாள். அதன் பின்னரே முன்னே வந்து நின்றாள். ஆனாலும் விடை சொன்னவனுக்குத்தான் இழந்த உருவம் திரும்பக் கிடைத்தது.

பராக்கிரம பாண்டியர் முகம் அறியாதவர் முன் தலை தாழ்த்திக் கல்லில் எழுதிவைத்தார். அவர் வழிவந்த அரசர் நளனுடைய இழிவையும் மறைக்காமல் பாடிவைத்தார். என் ஆசிரியர் தாள் ஓரத்தில் ஒரு வரி எழுதிவைத்தார். அடுத்த முறை தென்காசிக்கு வரும்போது அக்கோபுர வாயிலில் சற்று நில்லுங்கள். காற்று உங்களைப் பின்னுக்குத் தள்ளும். தலையைச் சற்றுக் குனிந்தால் உள்ளே போய்விடலாம்.